இரண்டாவது காது

இரவு பதினொன்று இருக்கும். கோக்-ஆஷூ கணவாய்க்கு ஏறுகிற பாதை. கடைசி விளக்குக் கம்பம் போய் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் பனிச் சுவர்... நடுவில் பனி தள்ளும் வண்டி ஒன்று மட்டும் உறுமிக்கொண்டு ஏறுகிறது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பெண். மடியில் பை, பைக்குள் மடிக்கணினி.

இருங்கள் பிள்ளைகளா, கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். அப்புறம் துணைக்கு வா என்று என்னை எழுப்பக் கூடாது. மின்சாரம் காலையில்தான் வரும். அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள், காற்று வருகிறது.

இது ஜானிஷின் அண்ணிக்கு நடந்தது. நம் விடுதி மெஸ்ஸுக்கு மாவு மூட்டை போடுகிற ஜானிஷ்தான், உங்களுக்கும் தெரியும். அவன் முன்னால் யாரும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால் மாவு நின்றுவிடும். மாவு நின்றால் உங்களுக்குத் தோசையும் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அண்ணி பெயர் பெர்மெட். அண்ணன் நுர்காஸி. இருவருக்கும் ஒரே தொழில். ஓடிக்கொண்டிருக்கிற கணினி நிரலை நிறுத்தாமல், வெளியிலிருந்து காது வைத்து, அது எங்கே இழுக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று கண்டுபிடிப்பது. டாக்டருக்குப் படிக்கிற நீங்கள் நோயாளி மார்பில் குழாய் வைத்துக் கேட்கிறீர்கள் இல்லையா, அப்படி. நோயாளியை நிறுத்திவிட்டுச் சோதிக்க முடியுமா?

கணவாயில் சாலைக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பு உண்டு. அதைத் தூக்குவதும் இறக்குவதும் மனிதன் இல்லை, ஒரு நிரல். மலைச்சரிவில் நட்டிருக்கிற கருவிகளிடம் பனி எவ்வளவு கனக்கிறது, காற்று எப்படி என்று கேட்கும். சரியாக இருந்தால் கம்பைத் தூக்கும். இல்லாவிட்டால் லாரிகள் கிடக்க வேண்டியதுதான். அதை எழுதியவன் நுர்காஸி. மேலே ஒரு குடிலில் இருந்த கருவி பேசவில்லை என்று ஒரு நாள் காலையில் ஏறிப் போனான். மதியம் சரிவுப் பனி முழுதும் இறங்கிக் குடிலை மூடிவிட்டது. நான்கு நாள் தோண்டினார்கள். இரண்டாவது பனிச்சரிவு வந்து, தோண்டியவர்களில் ஒருவனுடைய காலை எடுத்துக்கொண்டது. போதும் என்று சாலைத் துறை மேலதிகாரி நிறுத்திவிட்டார்.

உடல் கிடைக்கவில்லை. அதுதான் வீட்டில் சண்டை.

இந்த நாட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும் எண்ணெய் வாசனை வரும், மூக்கு உள்ளவர்கள் கவனித்திருப்பீர்கள். ஏழு ரொட்டி, நம் பூரி மாதிரி, பொரித்து எடுத்துச் செத்தவன் பெயரைச் சொல்வார்கள். அந்த வாசனைதான் அவனுக்குச் சாப்பாடு. உயிரோடு இருக்கிறவன் பெயரைச் சொல்லி மட்டும் பொரிக்கவே மாட்டார்கள். சொல்லிவிட்டால் அவனும் செத்தவர்கள் பக்கத்து ஆளாகிவிடுவான். நுர்காஸியின் அம்மாவுக்கு இது தாங்கவில்லை. “என் புள்ள வாரா வாரம் வாசல்ல பட்டினியா நிக்கிறான்” என்று அழுதாள். பெர்மெட் வாணலியைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். “அவர் சாகல அத்தை. செத்தத நான் பாக்கல, நீங்களும் பாக்கல” என்றாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் ஜானிஷ் நடுவில் கிடந்தான்.

அப்போதுதான் கணவாயிலிருந்து ஆள் அனுப்பினார்கள். அந்தச் சரிவுக்குப் பிறகு நிரல் ஒழுங்காக ஓடவில்லை. பகலில் சரியாக இருக்கும். இருட்டினால் போதும்... நடுநடுவே அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானே ஓடும். அவன் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவள் அவன் பெண்டாட்டி ஒருத்திதான். கூச்சமில்லாமல் அவளையே கூப்பிட்டார்கள். அவளும் கிளம்பிவிட்டாள்.

அந்தப் பனி தள்ளும் வண்டி கணவாயில் நின்றபோது கம்புக்கு முன்னால் லாரிகள் வரிசையாகக் கிடந்தன. எஞ்சின் அணைத்தால் டீசல் உறைந்துவிடும் என்று எல்லாம் உறுமிக்கொண்டே நின்றன. காவல் அறையில் இருந்தவர் சபீர், ஐம்பது வயது. அடுப்பில் நிலக்கரிப் புகை, ஈரக் கம்பளி நாற்றம், ஒரு மேசை, மேசையில் கணினி. ஓட்டுநர் ஒருவன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான்.

“சபீரண்ணே, உன் கம்பு தூங்குதா, நீ தூங்குறியா? பின்னாடி ஒரு லாரி ஆரஞ்சு. விடிஞ்சா ஐஸ் ஆரஞ்சு.”

“கம்பு வைத்தியர் வந்தாச்சு. போய்ப் படு” என்றார் சபீர்.

பெர்மெட் கையுறையைக் கூடக் கழற்றவில்லை. மடிக்கணினியை மாட்டினாள்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை பிடிபடாது. நுர்காஸி எழுதியது பைத்தானில். அந்த மாதிரி மொழிகளில் எழுதினால் கணினி நேராகப் படிக்காது. நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து வரி வரியாக வாசித்துச் சொல்வார். வெளியிலிருந்து காது வைத்தால் அந்த நடு ஆளின் மூச்சுதான் கேட்கும். எந்த வரியை வாசிக்கிறார் என்று தெரியாது. அதற்காக அந்த ஆளின் தொண்டையிலேயே மணி கட்டி வைத்திருப்பார்கள். நிரலில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் உண்டு. ‘பனி எடை பார்’, ‘மேலே கேள்’, ‘கம்பைத் தூக்கு’, இப்படி. ஒரு வேலைக்குள் நுழைந்தால் ஒரு மணி, வெளியே வந்தால் ஒரு மணி. ஆனால் யாரும் கேட்காதபோது அந்த மணிகளுக்கு நாக்கே கிடையாது. யாராவது காது வைத்தால்தான் நாக்கு முளைக்கும். முளைத்தால் நிரல் சற்றே மெதுவாகும். அவ்வளவுதான். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அந்த மணிக்குத் தெரியும்.

பெர்மெட் காது வைத்தாள். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பனி எடை பார்... காற்று கேள்... மேலே கேள்...

நின்றது.

வெளியே லாரிகளின் உறுமல். அடுப்பில் கரி ஒன்று வெடித்தது. திரை அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த பெயர் வந்தது. மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. நிரலில் தப்பு எதுவும் இல்லை. மணி அடிக்கிற இடத்தில்தான் அது நிற்கிறது. யாரோ நிறைய நேரம் எடுத்துக்கொண்டு கேட்கிறார்கள்... அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. கேட்பவர் எத்தனை என்று தட்டிப் பார்த்தாள், அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும்.

இரண்டு.

“சபீரண்ணே, இங்க வேற யாரு உக்காந்து இத நோண்டுறது?”

“எனக்குக் கணினியில சீட்டாடக்கூடத் தெரியாது. வேற யாரு இருக்கா இங்க? நானும் அடுப்பும்தான்.”

இரண்டாவது காதின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தாள். நுர்காஸி. எங்கிருந்து? மேல் குடில். எப்போது வைத்தது? சரிவு விழுந்த மறுநாள் விடிகாலை.

சபீர் அந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தார். “அந்த நேரத்துல நாங்க மேல தோண்டிக்கிட்டு இருந்தோம்மா” என்றார்.

அன்று இரவு அவள் தூங்கவில்லை. விடிந்ததும் எண்ணிக்கை ஒன்றாகிவிட்டது. மேலதிகாரிக்குப் போன் போட்டாள். தோண்டச் சொன்னாள். அழுதாள், கெஞ்சினாள், திட்டினாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். “பாரும்மா, அங்க கடிகாரம் என்னைக்குச் சரியா ஓடிச்சு? அவன் போன அன்னிக்கு மறந்து விட்டுட்டுப் போன காது அது. ஆள் போனது கணினிக்குத் தெரியுமா? அதுபாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கும். எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வா. ஏற்கெனவே ஒருத்தன் கால் போச்சு. இன்னொருத்தன நான் மேல அனுப்ப மாட்டேன்.”

அதுவும் நியாயம்தான். அவளுக்கே பாதி அப்படித்தான் தோன்றியது. மறந்து விட்ட காது. ஆனால் மறந்து விட்ட காது ஒரே விஷயத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் புதிதாக ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் சோதித்துப் பார்க்கலாம் இல்லையா?

வியாழக்கிழமை. அன்று பகல் முழுக்கக் காற்று பலம் என்று கம்பு எழவில்லை, லாரிகள் அப்படியே கிடந்தன. மலையில் சீக்கிரம் இருட்டிவிடும். நீலமாகிக்கொண்டு வருகிறது வெளியே... எண்ணிக்கை இரண்டு. அந்தக் காது எல்லா மணிகளையும் கேட்டுக்கொண்டிருந்தது. பெர்மெட் ஓடுகிற நிரலுக்குள் புதிதாக ஒரு வேலையைச் செருகினாள். ஒன்றும் செய்யாத வேலை. வெறும் பெயர்தான். ‘நான் பெர்மெட்’.

அதை ஒரு முறை ஓட விட்டாள்.

நிரல் நின்றது. இதுவரை நின்றதையெல்லாம் விட நீளமாக. சபீர் அடுப்புக் கதவைப் பிடித்தபடியே நின்றார். வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள், அடித்து ஓய்ந்தார்கள்.

பிறகு திரையில் ஒரே ஒரு வரி மாறியது. இரண்டாவது காது மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டது. இப்போது அது ஒரே ஒரு பெயருக்குத்தான் காத்திருந்தது.

‘நான் பெர்மெட்.’

யாரப்பா அது, போர்வையை இழுக்கிறது? எல்லாருக்கும் குளிரத்தான் செய்கிறது. சும்மா இரு.

காது வைத்தவனால் கேட்க மட்டும்தான் முடியும். பேச முடியாது. அது பெர்மெட்டுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் இல்லாத வேலை ஒன்றின் பெயரைச் சொல்லி, அதைக் கேட்க வேண்டும் என்று ஒருவன் தட்டினால் என்ன ஆகும்? அப்படி ஒன்று இல்லை என்று பெயரோடு திரையில் விழும். இந்தத் தொழிலில் எல்லாரும் தினமும் செய்கிற பிழை அது. ஒரு பிழைச் செய்தி... யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

விழுந்தது.

‘குளிர்கிறது’ என்ற வேலை இந்த நிரலில் இல்லை.

பெர்மெட் வாயைப் பொத்திக்கொண்டாள். சபீர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவள் திரையைக் காட்டினாள். அவரே குனிந்து படித்தார். படித்து முடிப்பதற்குள் அடுத்தது விழுந்தது.

‘எடுத்துவிடாதே’ என்ற வேலை இந்த நிரலில் இல்லை.

சபீர் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். லாரி லாரியாகக் கதவைத் தட்டுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. “எந்திரிங்கடா, மம்பட்டி எடுங்கடா, ஆள் உயிரோட இருக்கான், மேல உயிரோட இருக்கான்.” அந்த மனிதர் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லையாம். நேற்று கேலி செய்த ஆரஞ்சுக்காரன்தான் முதலில் இறங்கினான்.

பெர்மெட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று வியாழக்கிழமை. அவள் வீட்டில் இல்லை. வாணலியை ஒளித்து வைக்க ஆள் இல்லை.

போன் எடுத்தாள். மலையில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். விட்டு விட்டுப் போனது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ ஜானிஷ் எடுத்தான்.

“ஜானிஷ், அத்தை எங்க? எண்ணெய் வைக்க விடாத. ஜானிஷ், கேக்குதா? அண்ணன் உயிரோட இருக்காரு. அத்தைய நிறுத்து.”

“அண்ணி? விட்டு விட்டுக் கேக்குது. என்ன நிறுத்த?”

“எண்ணெய்ய. அடுப்ப அணை.”

ஜானிஷ் போனைக் காதில் வைத்தபடியே சமையலறைக்கு ஓடினான். அவன் ஓடுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கதவு கிரீச்சிட்டது. பிறகு... சொய்ங் என்று மாவு எண்ணெயில் விழுகிற சத்தம். அதற்கு மேலே அத்தையின் குரல், நிதானமாக, ஆசையாக.

“நுர்காஸி, என் கண்ணு. சாப்புடு.”

சபீரின் அறையில் சூடான எண்ணெய் வாசனை வந்தது. அங்கே எண்ணெய் கிடையாது. வீடு இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம், அரை நாள் பயணம். மம்பட்டியோடு உள்ளே வந்த ஆரஞ்சுக்காரன் மூக்கை உறிஞ்சினான். “என்னக்கா, ரொட்டி பொரிக்கிறியா?” என்று கேட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பெர்மெட் திரும்பித் திரையைப் பார்த்தாள். நிரல் சரளமாக ஓடிக்கொண்டிருந்தது. பனி எடை பார், காற்று கேள், மேலே கேள், கம்பைத் தூக்கு. எங்கும் நிற்கவில்லை. கேட்பவர் எண்ணிக்கை ஒன்று. வெளியே கம்பு தானாக எழுந்தது.

அவள் ‘நான் பெர்மெட்’டை ஓட விட்டாள். ஒன்றுமில்லை. மறுபடி ஓட விட்டாள். விடிகிற வரைக்கும் ஓட விட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கம்பு தூக்கியிருந்தும் ஒரு லாரியும் போகவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். முப்பது நாற்பது ஓட்டுநர்கள், மேலதிகாரி போனில் கத்தக் கத்த, லாரி விளக்குகளைச் சரிவு மேலே திருப்பி வைத்துக்கொண்டு இரவெல்லாம் தோண்டினார்கள். சரிவு அசையவில்லை. விடிகாலையில் குடிலின் கூரை தட்டுப்பட்டது.

நுர்காஸி மூலையில் உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு. கட்டையாக உறைந்திருந்தான்.

குடிலில் இருந்த கணினி மீது உத்தரம் விழுந்து தூளாகிக் கிடந்தது. மின்கலம் வெடித்திருந்தது. கீழே வருகிற கம்பி குடிலுக்கு வெளியிலேயே அறுந்து, அறுந்த முனை கறுத்துப் போயிருந்தது. மருத்துவர் வந்து பார்த்தார். கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, சரிவு விழுந்த அன்றே, அந்த நிமிடமே போயிருப்பான் என்றார். “முதல் நாளேவா?” என்று பெர்மெட் கேட்டாள். “முதல் நாளேதாம்மா” என்றார். இன்னொரு முறை கேட்டாள். அதே பதில்தான்.

அந்தப் பதிலைக் கேட்டு எல்லாருக்கும் ஒரு பெருமூச்சு. மேலதிகாரிக்கு நிம்மதி, தோண்டுவதை நிறுத்தியது தப்பில்லை. ஜானிஷுக்கு நிம்மதி, அம்மா பொரித்தது தப்பில்லை. செத்தவனுக்குத்தானே பொரித்தாள், ஒரு தாய் செய்ய வேண்டியதைத்தானே செய்தாள்? பெர்மெட் மட்டும் மடிக்கணினியை மூடாமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் கூடாரம் போட்டு உள்ளே கிடத்தினார்கள். ஆண் உடலை ஆண்கள்தான் கழுவ வேண்டும். ஜானிஷும் இரண்டு சித்தப்பாக்களும் உள்ளே போனார்கள். பெண்கள் வெளியே. வெந்நீர்ப் புகை, சோப்பு வாசனை. முகத்தைச் சுற்றியிருந்த கம்பளி உறைந்து ஒட்டியிருந்தது. சித்தப்பா வெந்நீரை ஊற்றி ஊற்றி அதை மெதுவாக உரித்தார்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேலே போன அன்று காலையில் நுர்காஸி மழுங்கச் சவரம் செய்துகொண்டு போனவன். பெர்மெட்டேதான் சோப்பு நுரையைத் துடைத்துவிட்டாள். இப்போது கன்னம், தாடை, கழுத்து முழுதும் கறுகறுவென்று... மூன்று வாரத்துத் தாடி.

என்ன முணுமுணுப்பு அங்கே? செத்த பிறகும் முடி வளருமா? நீங்கள்தானே டாக்டருக்குப் படிக்கிறவர்கள், நீங்களே சொல்லுங்கள்... ஆமாம். வளராது. தோல் சுருங்கினால் ஒரு நாள் தாடி போலக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான் என்று போன வருடம் படித்துப் போனவன் ஒருவனும் சொன்னான். அவனும் இந்தக் கதையைக் கேட்டபிறகு தனியாகக் கழிவறைக்குப் போனதில்லை.

சித்தப்பா முகத்தை அவசரமாகத் துடைத்து வெள்ளைத் துணியை மேலே இழுத்துவிட்டார். “யாருக்கும் தெரிய வேணாம். அவன் அம்மாவுக்கு முக்கியமா” என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

ஜானிஷ் கூடாரத்தை விட்டு வெளியே வந்தான். வாசலில் பெர்மெட் நின்றாள். வீட்டுக்குள்ளே அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். பெர்மெட் அழவில்லை. கிட்டே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“மூஞ்சி வழுவழுன்னு இருந்துச்சா?”

“இருந்துச்சு அண்ணி. போனப்ப எப்டி இருந்தாரோ அப்டியே.”

அவள் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தில் நாலைந்து கறுப்பு முடிகள், நகத்தளவு நீளம், சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

பெர்மெட் அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

“அத்தைகிட்ட சொல்லிடாத” என்றாள்.